சபாபதியின் கட்டைவிரல்

இது நடந்தது. நம்ப மனமில்லாதவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகலாம். ஷாமினிக்கு அதில் வருத்தமில்லை. வருத்தம், பயம் எல்லாமே அவளுக்கு அந்தச் செவ்வாய்க்கிழமையோடு மரத்துப்போய்விட்டன.

பிரிக்ஃபீல்ட்ஸில் உயில் எழுதித் தரும் ஓர் அலுவலகத்தில் அவளுக்கு எட்டு வருடமாக வேலை. பேய் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ரகம். அன்று சக ஊழியர் வாசுவோடு கிள்ளானுக்குப் போனாள். உயிலுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். சொத்தைப் பெறுகிறவர் சாட்சியாக நிற்கக் கூடாது. அதனால் இவர்கள் இருவர்.

உயில் எழுதுகிறவர் சபாபதி. வயது எழுபத்தொன்பது. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். மனைவி வீரம்மா இறந்து ஏழு வருடமாகிறது. பெரிய மகன் பெட்டாலிங் ஜெயாவில், சின்னவன் பெர்த்தில். கல்யாணமே வேண்டாமென்று அப்பாவைப் பார்த்துக்கொண்டவள் மகள் சீதாலெட்சுமி. உயில் எழுதாமல் அவர் கண்ணை மூடினால் வீடு மூன்று பங்காகும். விற்றுப் பிரித்துக்கொள்ளத்தான் மகன்கள் காத்திருந்தார்கள். ஐம்பத்திரண்டு வயதில் சீதாலெட்சுமி தெருவுக்கு வர வேண்டியதுதான்.

பிற்பகல் மணி 3.05.

"அப்பா இன்னிக்கு ஒரு மாதிரியா இருக்காரு," என்றாள் சீதாலெட்சுமி. "ஆனா தெளிவாத்தான் இருக்காரு."

ஷாமினி வழக்கம்போல் அவளைச் சமையலறைக்கு அனுப்பிவிட்டு அறைக் கதவைச் சாத்தினாள். மிரட்டி எழுதி வாங்கினாள் என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது.

அறையில் ஏர்கோன் ஓடவில்லை. ஆனாலும் குளிர்ந்தது.

சபாபதி தலையணையில் சாய்ந்திருந்தார். மேலே சட்டை இல்லை. வாசுவைக் கண்டதும் துண்டை இழுத்து மார்பை மூடிக்கொண்டார்.

3.12. புத்தி தெளிவாக இருக்கிறதா என்று பார்க்கச் சில கேள்விகள் உண்டு. முதல் கேள்வி எப்போதும் பெயர்தான்.

"ஐயா, உங்க பேரு சொல்லுங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"பேரு, ஐயா..."

"அந்தப் பேர நான் சொல்றதில்ல."

குரல் மெல்லியதாக இருந்தது. வாசு சிரிப்பை அடக்கிக்கொண்டு ஐ.சி. அடையாள அட்டையை அவர் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"இது நீங்கதானே, அங்கிள்?"

அவர் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு தலையை அசைத்தார். ஆமென்றா இல்லையென்றா... ஆமென்று இவர்கள் எழுதிக்கொண்டார்கள்.

மற்றக் கேள்விகளுக்குத் தடங்கலே இல்லை.

"புள்ளைங்க எத்தன பேரு?"

"மூணு."

"வீடு யாருக்கு?"

"லெச்சுமிக்கு."

"பையனுங்களுக்கு?"

"அவனுங்களுக்குப் படிப்பு குடுத்தாச்சு. லெச்சுமிக்கு எழுதும்மா. சீக்கிரம்."

3.20. ஓர் ஈ வந்து அவர் உதட்டில் உட்கார்ந்தது.

அவர் அதை விரட்டவில்லை.

ஈ மெல்ல மேலே ஊர்ந்தது. மூக்கு... கன்னம்... கண்ணின் ஓரம்.

அவர் இமைக்கவில்லை.

பேனா பிடிக்க முடியாத கை. ஷாமினி மையைத் தடவ அவர் கட்டைவிரலைத் தொட்டாள். பாசார் மீன்கடையில் ஐஸ்கட்டிக்குள்ளிருந்து எடுத்த மீன்போல் இருந்தது.

அவள் அதைத் தாளின் மேல் வைத்தாள். அழுத்தவில்லை.

விரல் தானாக அழுத்தியது.

3.26. சாட்சிகள் கையெழுத்திட்டார்கள். வெளியே வரும்போது பின்னாலிருந்து அதே குரல்.

"கதவச் சாத்திட்டுப் போம்மா. லெச்சுமி பாக்க வேணாம்."

ஷாமினி சாத்தினாள்.

4.10. திரும்பும் கொமுட்டர் ரயிலில் இருந்தபோது போன் வந்தது. சீதாலெட்சுமி.

"அப்பா போயிட்டாரு."

டாக்டர் வந்து பார்த்தார். உடம்பு விறைத்துக் கிடந்தது. உயிர் பிரிந்தது காலை எட்டு மணி வாக்கில் என்று எழுதிக் கொடுத்தார்.

எட்டு மணி... உயிலில் இருந்த நேரம் 3.26.

மகன்கள் விடுவார்களா? பிணத்தின் கையைப் பிடித்து அமுக்கிவிட்டார்கள் என்று வழக்குப் போட்டார்கள். ஷாமினியும் வாசுவும் நடந்ததை நடந்தபடியே சொன்னார்கள். யாரும் நம்பவில்லை. ரேகை சோதனைக்குப் போனது.

நான்கு மாதம் கழித்து அறிக்கை வந்தது. ஷாமினி சீதாலெட்சுமியை அலுவலகத்துக்கு வரவழைத்து, தானே வாசித்துச் சொன்னாள்.

உயிலில் இருப்பது சபாபதியின் ரேகை அல்ல. வீடு வாங்கிய பழைய பத்திரத்தில் அதே ரேகை இருக்கிறது. வீட்டைச் சேர்ந்து வாங்கிய, கையெழுத்துப் போடத் தெரியாத மனைவியின் ரேகை.

வீரம்மா.

வாசித்து முடித்தபோது ஷாமினிக்கு ஒன்றுமே தோன்றவில்லை.

"அம்மா ரேகைன்னா செல்லாதுல்ல?" என்றாள் சீதாலெட்சுமி.

"செல்லாதுக்கா."

"அப்போ வீடு..."

"மூணு பங்குதான்."

"சரி லா."

அவள் அழவில்லை. அறிக்கையை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"டாக்டரு காலைல எட்டு மணின்னுதானே சொன்னாரு?"

"ஆமாக்கா."

"பன்னெண்டு மணிக்கு நான் கஞ்சி ஊட்டினேன், ஷாமினி. ஒரு கிண்ணம் முழுசாக் குடிச்சாங்க. குடிச்சிட்டு, நீ சாப்ட்டியான்னு கேட்டாங்க."

மடித்த அறிக்கையைப் பைக்குள் வைத்தாள்.

"அப்பா ஒருநாளும் அப்படிக் கேட்டதில்ல."