காக்கா மெஷின்

மெஷினைப் பார்க்க யார் வந்தாலும் ஃபிராங்க்ளின் முதலில் ஒரு கம்பைத்தான் எடுத்து நீட்டுவார். "இதுதான் மெஷினுக்குப் பூட்டன். தொட்டுக் கும்பிட்டுட்டு உள்ள வாங்க."

பெரியதாழையில் படகு எஞ்சின்களைப் பழுதுபார்ப்பவர் அவர். மனைவி ஜெயஷீலா கருவாடு காயப்போட்டு விற்கிறார். மொட்டைமாடியில் காயும் நெத்திலிக்கு, வேலை இல்லாத நாளெல்லாம் கணவர்தான் காவல். கம்பால் காகம் விரட்டிக் கை வலித்தபோது கயிற்றை இழுத்தால் கடகடக்கும் பால்பவுடர் டின் வந்தது. பேப்பர் புரட்டக் கை வேண்டுமே என்று கயிறு கால் பெருவிரலுக்குப் போனது. மதியம் அவர் கண்ணயர்ந்தால் விரலும் தூங்கியது. காகங்கள் ஒரே வாரத்தில் அதைத் தெரிந்துகொண்டன. பிறகு பழைய சைக்கிள் சக்கரத்தில் தகரத் துண்டுகளைக் கட்டினார். கடற்காற்றில் அது சுற்றிச் சுற்றி டின்னைத் தட்டியது.

"பெரிய விஞ்ஞானிதான் நீங்க" என்றேன், மெஷினைப் பார்க்கப் போயிருந்த நான். அவர் முகம் சுருங்கியது.

"நா என்னத்தக் கண்டுபிடிச்சேன்? ஒண்ணுல ஒரு குறை இருக்கும். அதச் சரி பண்ணப் போனா அடுத்தது வந்து நிக்கும்."

காற்று நின்றால் சக்கரமும் நின்றது. அதைச் சரிசெய்யப் பழைய மிக்சி மோட்டாரை நேராக அச்சிலேயே பொருத்தியிருந்தார். நான் அங்கே போயிருந்த சனிக்கிழமைதான் வெள்ளோட்டம். அன்று சாயங்காலம் திருச்செந்தூர்க் கடைக்குப் போகவேண்டிய பத்து கிலோ நெத்திலி மாடியில் விரித்த வலைமேல் கிடந்தது.

சுவிட்சைப் போட்டார். விமானம் கிளம்புவதுபோல ஓர் இரைச்சல். டின் பிய்த்துக்கொண்டு தென்னைமரத்துக்குப் போனது. வலையின் ஓரம் சக்கரத்தில் சிக்கியது. பத்து கிலோவும் ஒரே வீச்சில் எழும்பி, அடுத்த வீட்டுக் கூரையில் சீராகப் பரவியது. காகங்கள் உற்றார் உறவினரோடு வந்து சேர்ந்தன.

சத்தம் கேட்டு ஜெயஷீலா மேலே வந்தார். கூரையைப் பார்த்தார்.

"கம்பே போதும்னு நா அப்பவே சொன்னேம்லா."

"வேகம் கூடிப்போனதுதான் ஏளா குறை" என்றார் ஃபிராங்க்ளின், தரையைப் பார்த்தபடி. "மோட்டாரத் தள்ளி வச்சு ஒரு பெல்ட் போட்டா அடங்கிரும். பெல்ட்டுக்கு எங்க போவேன்?"

ஜெயஷீலா இறங்கிப் போனார். அடுத்த வீட்டாரிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது, தன் தையல் மெஷினிலிருந்து கழற்றிய தோல் பெல்ட் கையில் இருந்தது. மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் நடுவே குந்தி உட்கார்ந்து, பெல்ட் எட்டுகிறதா என்று அளந்து பார்த்தார்.