ஒரு கையில் வேட்டி

சிறுவர் கூர்நோக்கு இல்ல வாசலில் என் வேட்டி பெல்ட்டைக் கழற்றச் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார்கள். பெல்ட் இல்லாமல் எனக்கு வேட்டி நிற்காது என்பது எங்கள் ஊர் கீரமங்கலத்துக்கே தெரியும்.

இடுப்பை ஒரு கையால் பிடித்தபடி மகன் முன்னால் போய் நின்றேன். கூடப் படிக்கிற பையனைக் கத்தியால் குத்திவிட்டு உள்ளே இருக்கிறான். அந்தப் பையன் இன்னும் ஆஸ்பத்திரியில்.

"என்னப்பா, வேட்டியப் புடிச்சுக்கிட்டே வாரீங்க?"

சிரித்தான். இங்கே வந்தபின் இன்றுதான் சிரிக்கிறான்.

பிறகு முகம் மாறியது. "அரிமளத்துல அத்தை வீட்டுல நான் ஒளிஞ்சிருந்தத மாமாதானே போலீசுல சொன்னாரு? வெளிய வந்து அவர வச்சுக்கிறேன்."

"அத விடுடா. சாப்புட்டியா?" என்றேன்.

அரிமளத்து மச்சான், இதைப் படித்தால் என்னைத் திட்டிவிட்டுப் போங்கள். ஸ்டேஷனுக்குப் போன் செய்தது நான்தான் என்று அவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.