ஷூவும் சாமியும் என் தொடைக் கொழுப்பும்

என் தொடையில் கொழுப்பு சேர்ந்திருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. நாளெல்லாம் தறியில் மிதி மிதிக்கிற கால் இது. அதில் போய்க் கொழுப்பா?

"தோலுக்கு அடியில இல்லீங்க, தசைக்குள்ளயே. உக்காந்தே வேலை செய்றவங்களுக்கு அது எரியாம தங்கிடும். அப்புறம் தசை சர்க்கரைய ஒழுங்கா எடுத்துக்காது" என்றார். தினமும் ஓட வேண்டும், சர்க்கரை இறங்காவிட்டால் ஆயுசுக்கும் மாத்திரை.

எனக்குப் பயம். அப்பாவுக்கும் சர்க்கரை இருந்தது. ஒரு சித்திரை உச்சி வெயிலில் வெறுங்காலோடு பிரகாரம் சுற்றியவருக்கு, சர்க்கரையால் கால் மரத்துப்போயிருந்ததில், கல் சுட்டதே தெரியவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் பாதமெல்லாம் கொப்புளம். அந்தப் புண்ணில் இரண்டு விரல் போயிற்று.

ஷூ வாங்கினேன். காஞ்சிபுரத்தில் ஷூ போட்டு ஓடிப் பார்த்தவர்களுக்குத்தான் என் கஷ்டம் புரியும். தெருமுனையில் பிள்ளையார். நின்று, ஷூவைக் கழற்றி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, மறுபடி கயிறு கட்டி நாலு எட்டு ஓடினால் அம்மன். அடுத்த தெருவில் முருகன். சாமித் தொல்லை இல்லாத இடமாகப் பார்த்து ஸ்கூட்டரில் தாமல் ஏரிக்கரைக்குப் போனேன். அங்கே முனீஸ்வரன் கத்தியோடு உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் ஷூவோடு ஓட எனக்கென்ன பைத்தியமா?

அடுத்த பரிசோதனையில் சர்க்கரை அசையவில்லை. நடந்ததைச் சொன்னதும் டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நின்னு நின்னு ஓடினா எப்படிங்க? ரொம்ப நேரம் விடாம ஓடினாத்தான் தசை உள்ள இருக்கற கொழுப்ப எடுத்து எரிக்கும். மாரத்தான் ஓடுறவங்க தசையிலயும் கொழுப்பு இருக்குது. ஆனா அது செலவாகிச் செலவாகி நிரம்பும்."

அதாவது பரண்மேல் கிடக்கிற பட்டு நூலும் தறியில் ஓடுகிற பட்டு நூலும். என்னுடையது பரண்மேல் கிடந்தது.

வீட்டில் இதைச் சொன்னேன். மனைவி சிரிக்கவில்லை.

"பஸ்ல போறப்போ ஜன்னல்லேருந்து கும்பிடுறீங்களே, எந்த சாமியாச்சும் கோச்சுக்கினு பஸ்ஸ நிறுத்துச்சா? ஓடிக்கினே கும்பிடுங்க."

மறுநாளிலிருந்து அப்படித்தான். கூப்பிய கையோடு மூச்சிரைக்க ஓடி வருகிறவனைப் பார்த்துப் பால்காரர் பயபக்தியோடு வழிவிட்டார். ஏதோ பெரிய வேண்டுதல் என்று நினைத்திருப்பார். அது உண்மையும்தான்.

சித்திரையில் சர்க்கரை இறங்கியது. மாத்திரை வேண்டாம் என்றார் டாக்டரம்மா. அன்று ஓடவில்லை. ஓட்டத்தில் அவசரக் கும்பிடு போட்ட சாமிகளையெல்லாம் நின்று நிதானமாகக் கும்பிட்டு வர, மனைவியோடு வெறுங்காலில் கிளம்பினேன். பெரிய கோயிலுக்குப் போய்ச் சேர உச்சி வெயிலாகிவிட்டது. பிரகாரத்தில் இரண்டடி வைத்ததும் துள்ளிக் குதித்தேன்.

"இன்னாங்க, இன்னா ஆச்சு?" என்று பதறினாள்.

"சுடுதுடீ!" என்று கத்தினேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.