மூன்று கட்டத்தில் தேவதை ராணி

ஆங்கில நாளிதழில் குறுக்கெழுத்துப் போடுகிறவர்களுக்கு அந்த ராணியைத் தெரியாமல் இருக்காது. அடிக்கடி வந்துவிடுவாள். 'தேவதைகளின் அரசி' என்று நேராகக் கேட்பார்கள். 'தூங்குகிறவர்களுக்குக் கனவு கொண்டுவருபவள்' என்று சுற்றி வளைத்தும் கேட்பார்கள். மூன்று கட்டம் என்றால் ஆங்கிலேயரின் நாட்டுப்புறக் கதையில் வரும் ராணி; ஏழு கட்டம் என்றால் அவர்களுடைய நாடகம் ஒன்றில் வருகிறவள். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் அப்போது ஏழாம் வகுப்பு படித்த என் மகள். பள்ளி நூலகத்தில் தேடிக் கண்டுபிடித்திருந்தாள்.

அந்த வருடம் ஆண்டு விழாவில் அவளுக்கே தேவதை ராணி வேடம் கிடைத்தது. விருதுநகரில் ஒரு வாடகைக் கடையிலிருந்து நைலான் வலை வைத்த வெள்ளைக் கவுன் எடுத்து வந்தோம்.

நான் விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேன். காலையில் வாசலில் நின்று, உள்ளே போகிறவர்கள் என்ன உடுத்தியிருக்கிறார்கள் என்று பார்ப்பது என் வேலைகளில் ஒன்று. நைலான் உரசினால் பொறி கிளம்பும், அதனால் காட்டன் மட்டும்தான் உள்ளே போகலாம். செல்போன் வந்த பிறகு அதையும் வாங்கி வைத்துக்கொள்வேன். "கல்யாண வீட்டுலருந்து நேரா வாரேன் சார், இன்னைக்கு ஒரு நா மட்டும்" என்று நைலான் சேலையோடு கெஞ்சியவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அப்படிப்பட்ட நான்தான், விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் மொட்டை மாடியில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த மகளிடம், மந்திரக்கோலுக்குப் பதிலாக ஒரு கம்பி மத்தாப்பைப் பற்றவைத்துக் கொடுத்தேன். எங்கள் ஊர்ப் பக்கத்து வீடுகளில் மத்தாப்பு பென்சில் மாதிரி அலமாரியில் கிடக்கும். கம்பெனிக்குள் இருக்கிற பயம் வீட்டுக்கு வந்ததும் மறந்துபோகும். பொறி கவுன்மேல் விழுந்தது. கிடைத்த சாக்கைப் போட்டு அணைத்தேன். அதற்குள் வலது முழங்காலுக்குக் கீழே நைலான் உருகி ஒட்டியிருந்தது.

"எப்படி ஆச்சு?" என்று டாக்டர் கேட்டார்.

"பிள்ளை விளையாட்டா மத்தாப்பு கொளுத்திருச்சு" என்றேன். மாடியில் நடந்ததைப் பார்க்காத மனைவி பக்கத்தில் நின்றாள். மகள் என்னைப் பார்த்தாள்.

அதன்பிறகு மனைவி அவளைத் திட்டிக்கொண்டேதான் மருந்து போட்டாள். "ஏழாப்பு படிக்கியே, நைலானப் போட்டுக்கிட்டு மத்தாப்பக் கொளுத்தக் கூடாதுன்னு ஒனக்கு யாரு சொல்லித் தரணும்?" அதற்கும் அவள் வாய் திறக்கவில்லை.

நானும் திறக்கவில்லை. நான் செய்தது வேறு. காலையில் பேப்பர் வந்ததும் முதலில் புதிரைப் பார்ப்பேன். ராணி இருந்தால் பேப்பரை மடித்துக் கம்பெனிக்குக் கொண்டுபோய்விடுவேன். "இன்னைக்குப் பேப்பர் போடல" என்பேன். கட்டுப்போட்ட காலோடு கட்டிலில் கிடந்தவளுக்கு அது ஒன்றுதான் பொழுதுபோக்கு. அவளுக்காகத்தான் ஒளிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாட்டிக்கொண்டேன். கம்பெனி இல்லாததால் பேப்பரைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். படுக்கையை உதறிய மனைவி அதை எடுத்து மகளிடம் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். மகள் குறிப்புகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்தவள் நிறுத்தினாள்.

"இதுக்காகவாப்பா ஒளிச்சீக?"

"பாத்தா ஒனக்குக் கஷ்டமா இருக்கும்னு..."

"மூணு கட்டம். இதுல என்ன கஷ்டம்?" பேனாவால் எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தாள். "கஷ்டம் ஒங்களுக்குத்தான்."

சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "அவருக்கு என்னட்டி கஷ்டம்? கொளுத்துனது நீ."

மகள் மறுபடியும் பேப்பருக்குள் குனிந்துகொண்டாள். இந்தத் தடவையும் அவள் சொல்லப்போவதில்லை என்று தெரிந்தது.

"அவ கொளுத்தல" என்றேன். "நான்தான் பத்தவச்சுக் குடுத்தேன்."

மனைவி கரண்டியோடு வெளியே வந்தாள். "கேட்டுல நின்னு ஊருச் சேலைக்கெல்லாம் சோதனை போடுற ஆளு..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. மகளை ஒரு பார்வை பார்த்தாள். "நீயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"அப்பா சொல்லுவாகன்னு இருந்தேன்" என்றாள் மகள்.

அன்றிலிருந்து மருந்து போடுகிற வேலையும் திட்டு வாங்குகிற வேலையும் எனக்கு மாறின. மகள் காலை நீட்டி அசையாமல் உட்கார்ந்திருப்பாள். நான் மருந்து தடவும்போது அன்றைய குறிப்புகளைப் படிப்பாள்; ராணி வந்தால் பதிலை நான் சொல்வேன். புண் ஆறித் தழும்பான பிறகும் பேப்பர் வந்ததும் பிரிக்காமல் அவளிடம்தான் கொடுத்தேன்.