சேலை போன வழி

எங்கள் ஆனையூர் வீட்டுக்கு எதிர்மாடிக் கொடியில் இன்று காலை ஒரு நீலச் சுங்குடிச் சேலை காய்ந்துகொண்டிருந்தது. அது காற்றில் அலையடித்ததைப் பார்த்ததும் எனக்கு இஞ்சி டீ வாசம் வந்துவிட்டது. சேலைக்கும் டீக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? சொல்கிறேன்.

நாகமலை புதுக்கோட்டையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், நாங்கள் நாலைந்து பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் ஊராகப் போய், கண்மாயைக் காப்பாற்றச் சொல்லி வீதி நாடகம் போடுவோம். கூட வேலைபார்த்த சாந்தி தன் அம்மாவின் நீலச் சேலையைத் தெருவில் விரிப்பாள். அதுதான் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாய். சௌராஷ்டிர வீட்டுப் பெண், சுங்குடிக்குப் பஞ்சமில்லை. எனக்கோ வசனம் மறந்துபோகும். அதனால் கண்மாய்க் கரை வேடம். கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். அதை அபாரமாகச் செய்தேன் என்று இன்றும் மார்தட்டுவேன்.

ஒருமுறை மேலூர்ப் பக்கத்து ஊர் ஒன்றில், கருப்பையா அண்ணன் டீக்கடை வாசலில் ஆடினோம். பெஞ்சும் அவருடையது, மைக்குக்குக் கரண்டும் அவருடையது. முதலிலேயே ஆளுக்கொரு இஞ்சி டீ. காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். சாந்தி சேலையை விரித்ததும் கூட்டத்திலிருந்து ஒரு அக்கா எழுந்தார்.

"ஏத்தா, கால்வா அங்கிட்டா போச்சு? இங்கிட்டுல்ல வரும்!"

முந்தானையைப் பிடித்து இழுத்தார். "இன்னும் கொஞ்சம் மேக்கால தள்ளு" என்று இன்னொருவர் கைவைத்தார். ஆளாளுக்கு இழுத்ததில் சேலை நேராக டீக்கடைக்குள் போய் நின்றது. அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. கடை இருந்ததே கால்வாயைத் தூர்த்த மேட்டில்தான்.

ஓசி டீயைக் குடித்துவிட்டு அந்த மனுஷன் பிழைப்பிலேயே கைவைத்துவிட்டோமே! "போதும், முடிச்சிரலாம்" என்றேன், கரை பேசக்கூடாது என்பதையும் மறந்து. அண்ணனோ அடுப்போரம் கிடந்த சேலையைப் பொசுங்காமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தார்.

"நான் வந்தப்பவே இது மேடுதான். ஊருக்குத் தண்ணி வரும்னா நகந்துக்கிறேன். எங்கிட்டு நகர்றதுன்னு இப்பவே, இந்த மைக்குலயே சொல்லுங்க."

கேட்டாரே ஒரு கேள்வி! சேலையை இழுத்த அக்காவே மைக்கை வாங்கினார். "எங்க களத்து ஓரத்துல போட்டுக்கண்ணே. எவன் கேக்குறான்னு நானும் பாக்குறேன்."

பேரணி, பேனர், மரக்கன்றோடு போட்டோ என்று எத்தனையோ விழிப்புணர்வு பார்த்துவிட்டேன். ஊர் தனக்குத்தானே பேசிக்கொண்ட அந்தக் கொஞ்ச நேரத்துக்கு எதுவும் ஈடில்லை. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அந்தக் கோடையிலேயே கடை நகர்ந்தது. ஊரே கூடிக் கால்வாயை வெட்டியது.

போன மழைக்குப் பிறகு சாந்தியோடு போயிருந்தேன். களத்தோரக் கடையில் அண்ணன் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். இஞ்சி வாசம் மாறவில்லை.

"அதே எடத்துல இன்னொரு தடவ நாடகம் போடுவமாண்ணே?"

அவர் சிரித்தபடி கையை நீட்டினார். நாங்கள் ஆடிய வாசலைக் காணோம். நான் கரையாக நின்ற மண்ணும் போய்விட்டது. எல்லாவற்றின் மேலும் இடுப்பளவுத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"போடலாம் தம்பி," என்றார் அண்ணன். "நீச்சத் தெரியுமா?"