உறையூர் போகாத சைக்கிள்

வாடகை சைக்கிள் கடைக்காரனுக்கு யார் எங்கே போகிறார்கள் என்பது தெரியும்; வீட்டில் என்ன சொல்லிவிட்டுப் போகிறார்கள் என்பது தெரியாமல்தான் மாட்டிக்கொள்வான். என்னைப் போலக் கடை வைத்து முழித்தவர்களுக்கு இது புரியும். எனக்கோ அதுவும் தெரிந்திருந்தது, அப்படியும் மாட்டிக்கொண்டேன்.

மாடிக்குக் குடிவந்தவர்கள்

ஐம்பதுகளின் கடைசியில் திருவானைக்காவலில் கடை வைத்திருந்தேன். ஸ்ரீரங்கத்திலிருந்து சேஷாத்ரி என்ற ஆபீஸ் குமாஸ்தா ஒருநாள் கூடையோடு வந்தார். உள்ளே பந்தயப் புறாக்கள். வீடெல்லாம் எச்சம், ஆசாரம் கெடுகிறது என்று புது மனைவி ரங்கநாயகி சொல்ல, விற்றுவிட்டதாகச் சத்தியம் செய்திருக்கிறார். விற்க மனம் வரவில்லை. என் மொட்டைமாடியில் கூண்டு கட்டினோம். ஞாயிறுதோறும் உறையூரில் உபன்யாசம் கேட்கப் போவதாக வீட்டில் பேச்சு. நம்பும்படி இருக்கவேண்டுமே! சனிக்கிழமையே என் ஏழாம் நம்பர் சைக்கிளைக் கொண்டுபோய் வாசலில் நிறுத்துவார்.

சங்கிலிக்கு எண்ணெய் போட்டதுபோல அந்தப் பொய்க்கும் நான்தான் எண்ணெய் போட்டேனோ என்று இன்றும் யோசிக்கிறேன். அவர் அன்று சொன்னது: "பெருமாள்கூட மன்னிச்சுடுவார், முருகேசன். ரங்கநாயகி மன்னிக்க மாட்டா."

முதலை

வீடு திரும்பியதும் அந்த அம்மா கதை கேட்பார். சேஷாத்ரிக்குத் தெரிந்தது, யானையின் காலை முதலை பிடித்த கதை ஒன்றுதான். அதையே வாரா வாரம் இழுத்தார். ஒரு ஞாயிறு தலையில் கைவைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"என்ன சார்?"

"'இன்னுமா அந்த முதலை காலை விடலை?'ன்னு கேக்கறா!"

நீலவால்

பந்தயம் என்றால் மாடியே அதிரும். நாள் முழுக்கப் பறந்து, இருட்டுவதற்குள் சொந்த மாடியில் கடைசியாக இறங்கும் புறாதான் ஜெயிக்கும். வேறு மாடியில் உட்கார்ந்தால் தோல்வி. சேஷாத்ரியின் நீலவால் மேகத்தில் பொட்டாகத் தெரியும். நாங்கள் கத்துவோம், துண்டை வீசுவோம். வெற்றி கைக்கு வரும் நேரத்தில் அது ஸ்ரீரங்கம் பக்கம் நழுவிவிடும்! இருட்டிய பிறகு, தின்ற தீனியில் தொண்டைப்பை புடைக்கத் திரும்பும். போட்டிக்காரர் பாலக்கரை டெய்லர் பாஷா பாய் விழுந்து விழுந்து சிரிப்பார்: "சாமி, உங்க புறா பந்தயத்துக்கு வரலீங்க, விருந்துக்குப் போவுது!"

ராஜாத்தி

அடுத்த பந்தயத்தன்று மாலை, கடை வாசலில் ஒரு குதிரைவண்டி நின்றது. உள்ளே டிரங்குப் பெட்டி. ரங்கநாயகி அம்மாள் இறங்கினார். உறையூரில் உபன்யாசமே நடக்கவில்லை என்று யாரோ சொல்லிவிட்டார்கள். சைக்கிள் மட்கார்டில் நான் ஆசையாக எழுதிவைத்த கடைப் பெயர் மிச்சத்தைச் சொல்லிவிட்டது.

"கும்பகோணத்துக்கு அண்ணாவாத்துக்குப் போயிண்டிருக்கேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு தெரியணும். யார் அவ?"

அந்த நேரம் பார்த்து மாடியிலிருந்து சேஷாத்ரியின் குரல்: "வாடி என் ராஜாத்தி! இறங்குடி, செல்லம்!"

அம்மாள் படி ஏறிய வேகத்தில் என் பம்ப் உருண்டது. பின்னாலேயே ஓடினேன். மேலே சேஷாத்ரி துண்டும் கையுமாக நின்றார். பாஷா பாயின் புறா பாலக்கரையில் இறங்கிவிட்டதாகத் தகவல் வந்து, அவரும் பக்கத்தில் நின்றிருந்தார். வானத்தில் நீலவால் மட்டும். வழக்கம்போல ஸ்ரீரங்கம் பக்கம் திரும்பியது, தயங்கியது, சுழன்றது, கல்லாக விழுந்து அந்த அம்மாளின் காலடியிலேயே இறங்கியது!

"இது நம்மாத்துக்கு வரதே..." என்றார் அம்மாள்.

"நீயா தீனி போட்டே?"

"நீங்க போனப்புறம் ஆத்துல வெறிச்சுனு இருக்கும். இதுதான் வந்து நிக்கும். வேண்டாம்னு சொன்னவளே நான்தானே... எப்படிச் சொல்லுவேன்?"

பாஷா பாய் மெல்லச் சொன்னார், "ஜெயிச்சிட்டீங்க சாமி." யாரும் கேட்கவில்லை.

அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே வந்தார். வண்டியைத் திருப்பச் சொன்னார். பிறகு மாடியைப் பார்த்து: "முதலை காலை விட்டுடுத்து. ஆத்துக்கு வாங்கோ!"

அன்று முதல் புறாக்கள் ஸ்ரீரங்கத்துக்குப் போய்விட்டன, எனக்கு மிஞ்சியது எச்சம் படிந்த ஒரு மாடியும், ஞாயிற்றுக்கிழமைகளில் யாரும் கேட்காத ஏழாம் நம்பர் சைக்கிளும்தான்.