தூக்கிய அட்டை

ஆஸ்பத்திரியில் அவளுக்கு மாவுக்கட்டு அக்கா என்றுதான் பேர். டாக்டர் எலும்பை இழுத்துப் பொருத்தும்போது நோயாளியை அசையவிடாமல் அமுக்கிப் பிடிப்பதும், மாவுத்துணியை நனைத்துச் சுற்றுவதும் அவள் வேலை. லாரி டிரைவர்களே அவள் பிடியில் அம்மா என்று அலறுவார்கள். கலியாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று கேட்டால், "வந்தவன் எவனும் என் கைக்குத் தாங்க மாட்டான்னு தோணுச்சு" என்பாள்.

கீழ்வீட்டில் அவள் தம்பி குடும்பம். தம்பி வெல்டர். அவன் மகள் சுண்டுவுக்கு எட்டு வயது. வாய்ப்பாடு மட்டும் ஏறவில்லை. தம்பி அட்டைப்பெட்டிகளை வெட்டி, ஒரு பக்கம் கணக்கும் மறுபக்கம் விடையும் எழுதினான். நல்ல யோசனைதான். கைதான் கெட்டது. வலது கையால் அட்டையைத் தூக்குவான். விடை தப்பினால் அட்டையைப் போட்டுவிட்டு அதே கையால் அறைவான்.

ஒருநாள் சத்தம் பொறுக்காமல் அக்கா இறங்கி வந்தாள். சுண்டுவின் உதடு பிளந்திருந்தது.

"அடியாத மாடு படியாதுக்கா" என்றான் தம்பி.

"மாட்டுக்கு எதுக்குடா வாய்ப்பாடு?"

பிள்ளையையும் அட்டைகளையும் மாடிக்குத் தூக்கிப் போனாள். உதட்டில் ஐஸ் வைத்தாள். அட்டைகளைத் தரையில் பரப்பிக் கேட்டாள். சுண்டு தண்ணீர் பட்ட பாடாய்ச் சொன்னாள். சந்தேகப்பட்டு ஓர் அட்டையைத் தூக்கினாள் அக்கா. அவ்வளவுதான். பிள்ளையின் கண்கள் இறுக மூடின, தோள் காதுவரை ஏறியது, வாய் எதையோ உளறியது. அட்டையைச் சுண்டு பார்க்கவே இல்லை. கண் மூடுமுன் பார்த்தது தூக்கிய கையைத்தான்.

மறுநாள் அக்கா தம்பியிடம் சொன்னாள். "கீழ வச்சுக் கேளுடா. தூக்கினா அடி விழும்னு கண்ண மூடிக்கறா."

"பள்ளிக்கூடத்துல டீச்சர் தூக்கித்தான் காட்டுவாங்க. நீ எலும்பப் பாரு, என் புள்ளய நான் பாத்துக்கறேன்." அவள் எதிரிலேயே அட்டையைத் தூக்கினான். "எட்டேழு?"

கண்கள் மூடின. கை இறங்கியது. சுண்டுவின் தலை மேசையின் இரும்பு விளிம்பில் மோதி, புருவம் கிழிந்தது. அட்டைகளின்மேல் ரத்தம் சொட்டியது. "நடிக்கறியா?" என்று அவன் மறுபடி கையை ஓங்கினான்.

அக்கா மணிக்கட்டைப் பிடித்தாள். அவன் அவள் முழங்காலில் உதைத்தான். அவள் அவனைச் சுவரோடு மோதி, கையை முதுகுப்பக்கம் திருகினாள். அவன் அவள் தலைமயிரைப் பிடித்து இழுத்தான். ஒரு கொத்து அவன் இடது கையோடு போயிற்று. அவள் விடவில்லை. வேலையிடத்தில் தினமும் யாரோ விவரிக்கும் 'மளுக்'கை அன்று அவளே கேட்டாள். தம்பி மனைவி கரண்டியோடு வாசலில் நின்றிருந்தாள். விடுங்க அண்ணி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இருவரையும் ஒரே வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள் அக்கா. "குழந்தைய இவன் அடிச்சான். இவன நான் உடைச்சேன். ரெண்டையும் எழுதிக்குங்க" என்றாள் டாக்டரிடம். போலீஸ் வந்தது. அவளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். சுண்டுவும் அம்மாவும் மாடிக்கே குடிவந்தார்கள்.

தையல் பிரித்தாயிற்று, கண் மூடுவது போகவில்லை. பள்ளியில் அட்டை தூக்கினால் பிள்ளை பெஞ்சுக்கடியில் ஒளிந்தாள். அக்கா ரத்தக்கறை அட்டைகளைக் குப்பையில் போட்டுப் புதிதாக வெட்டினாள். முதலில் தரையில் வைத்தாள். பிறகு மடியில். பிறகு மெல்ல நெஞ்சுக்கு நேராக.

ஒரு மாலை, அட்டை முகத்தளவு உயர்ந்தது. சுண்டு கண்ணை மூடவில்லை. கையை ஓங்கி ஓர் அறை விட்டாள். அட்டை பறந்தது. அத்தையின் மூக்கில் ரத்தம் எட்டிப் பார்த்தது.

"அம்பத்தி நாலு!" என்று கத்தினாள் சுண்டு. கத்திவிட்டு இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டாள்.

அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு அட்டையைப் பொறுக்கினாள். ஆறு ஒன்பது.

"விடை சரி. அத்தை மூக்கு என்னடி தப்பு பண்ணிச்சு?"

சற்றுத் தள்ளி உட்கார்ந்து, அடுத்த அட்டையைத் தூக்கினாள்.